செவிக்குத் திறக்கும் கடல்

வடதுருவக் கடலுக்குப் பயணிகளை அழைக்கும் கையேடுகளைப் புரட்டினால் பெரும்பாலும் ஒரே மாதிரியான படங்கள்தான். நீலம் பாரித்த பனிமலை, மிதக்கும் பாளத்தின்மேல் ஒரு துருவக்கரடி, ரப்பர் படகில் ஒரே நிற மேலங்கி அணிந்த பயணிகள். மனிதர் கால் படாத நிலம், உலகத்தின் விளிம்பு என்று பக்கத்தில் சில வரிகள். அங்கே பிறந்து வளர்ந்து குடும்பம் நடத்தும் ஒரு முகத்தை அந்தப் பக்கங்களில் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. நம்முடைய திணை மரபு நிலத்தைத் தனியாக எண்ணியதில்லை. நிலத்தைச் சொன்ன உடனே அதன் தெய்வம், பறை, பறவை, உணவு, தொழில் எல்லாம் கருப்பொருளாகக் கூடவே வந்துவிடும். அங்கு வாழ்பவர்களின் பிரிவும் காத்திருப்பும் இல்லாமல் அந்த நிலம் நிறைவதில்லை. அந்த மரபில் படித்துப் பழகிய கண்ணுக்கு, ஆளில்லாத இந்த ஆர்க்டிக் நம்பும்படியாக இல்லை.

நம்ப வேண்டியதும் இல்லை. கனடாவின் வடக்கே, அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் இணைத்துத் தீவுக்கூட்டத்தின் ஊடாகப் போகும் வடமேற்குக் கடல்வழியின் கரைகளில் 4,000 ஆண்டுகளுக்கும் மேலாக மனிதர்கள் வாழ்ந்து வந்திருக்கிறார்கள். பல பயணங்கள் தொடங்குகிற அல்லது முடிகிற ரெசல்யூட் கிராமத்தின் அருகே, இன்றைய இனுயிட் மக்களின் முன்னோரான தூலே மக்கள் கட்டிய வீடுகளின் எச்சங்கள் இருக்கின்றன. ஒரு மரம்கூட முளைக்காத ஊர் அது. போஹெட் திமிங்கிலத்தின் எலும்புகளை வளைந்த உத்தரங்களாக நிறுத்தி, மேலே தோலும் புல்மண் கட்டிகளும் போர்த்தியிருக்கிறார்கள். நுழைவழியைத் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கியிருக்கிறார்கள். குளிர்ந்த காற்று கனமானது. அது பள்ளத்திலேயே தங்கிவிடும், உள்ளே படுக்கும் மேடை வெதுவெதுப்பாக இருக்கும். மீட்டுக் கட்டப்பட்ட அப்படியொரு வீட்டின் எலும்பில் கை வைத்தபோது அது உலர்ந்து, சொரசொரப்பாக, பாசி பிடித்திருந்தது. அந்த வாசலுக்குள் எவரும் குனிந்துதான் போக முடியும்.

இந்தக் கடல்வழியின் கதைகளைப் படித்தும், அதன் ஒரு பகுதியில் கப்பலில் சென்றும் எனக்குத் தெளிவானது ஒன்றுதான். இங்கே வந்தவர்களில் ஊர்க்காரர்களின் பேச்சைக் கேட்டவர்கள் வழி கண்டார்கள். கேளாதவர்கள் தாங்களும் அழிந்தார்கள், பிறரையும் துன்பத்தில் ஆழ்த்தினார்கள். இன்று சொகுசுக் கப்பலில் போகிற நாமும் இந்த இரண்டு வரிசைகளில் ஒன்றில்தான் நிற்கிறோம்.

1984இல் லிண்ட்பிளாட் எக்ஸ்ப்ளோரர் என்ற சிறு கப்பல்தான் பயணிகளோடு இந்த வழியை முதன்முதலில் கடந்தது. அதற்கு முன் பெரும்பாலும் பனிமுறிப்புக் கப்பல்களும் ஆய்வுக் கப்பல்களுமே அரிதாகக் கடந்து வந்தன. பிறகு பனி பின்வாங்கத் தொடங்கியது. செயற்கைக்கோள் அளவீடு தொடங்கிய 1979இன் செப்டம்பரில் ஆர்க்டிக் கடல்பனியின் பரப்பு ஏறத்தாழ 70 லட்சம் சதுர கிலோமீட்டர். 2012 செப்டம்பரில் அது 34 லட்சமாகச் சுருங்கியது. பூமி சராசரியாகச் சூடாவதைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் ஆர்க்டிக் சூடாகிறது. 2016இல் கிரிஸ்டல் செரினிட்டி என்ற பெருங்கப்பல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளோடு அலாஸ்காவிலிருந்து நியூயார்க் வரை இந்த வழியாகவே போய்ச் சேர்ந்தது. வழியில் அது நின்ற ஊர்களில் ஒன்றான உலுக்ஹாக்டோக்கின் மக்கள்தொகை சுமார் 400.

பனி குறைந்ததால் ஆபத்தும் குறைந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. புதுப்பனி உருகி வாசல் திறந்ததும், வடக்கே பல ஆண்டுகளாக இறுகிக் கிடந்த பழம்பனி உடைந்து தெற்கே இந்தக் குறுகிய நீரிணைகளுக்குள் வந்து அடைகிறது. 2018 கோடையில், கால்வாய்போல் ஒடுங்கிய பெல்லோட் நீரிணைக்கு அருகே ஒரு பாய்மரப் படகைப் பனி நெருக்கி மூழ்கடித்தது. கடலடியும் முழுதாக அளக்கப்படவில்லை. 2010இல் குக்லுக்டுக் அருகே 128 பயணிகளோடு சென்ற ஒரு கப்பல் நீரடிப் பாறையில் ஏறி நின்றது. அந்தப் பாறை 2007இலேயே கண்டறியப்பட்டு, கப்பல்களுக்கு அறிவிப்பும் கொடுக்கப்பட்டிருந்தது. கப்பலில் இருந்தவர்களிடம் அந்த அறிவிப்பு போய்ச் சேரவில்லை. கேட்டிருக்க வேண்டிய ஒரு செய்தி கேட்கப்படாமல் போனதன் விலை அது.

சிறு கப்பல்களின் அன்றாடத்தில் ஒரு ஒழுங்கு உண்டு. கரையிறங்குமுன் காலணிகளைத் தேய்த்துக் கழுவி, கிருமிநாசினித் தொட்டியில் மிதித்து எடுக்க வேண்டும். சட்டைப்பையின் ஓரங்களையும் ஒட்டுப்பட்டைகளையும் உறிஞ்சுகருவியால் சுத்தம் செய்கிறார்கள். ஒரு புல்விதைகூட வேற்று மண்ணுக்குப் போகக் கூடாது. துப்பாக்கி ஏந்திய காவலர்கள் முதல் படகில் போய்க் கரையின் மேடுகளில் நின்று, கரடி இல்லை என்று உறுதி செய்த பிறகே மற்றவர்களுக்கு அனுமதி. காலையில் அறிவித்த இடம் மதியத்துக்குள் மாறிவிடும். மூடுபனி, காற்று, ஒரு தாய்க்கரடி என்று எதுவும் திட்டத்தைக் கலைக்கலாம். பெருந்தொகை கட்டிவிட்டு வந்தவர்களும் முணுமுணுக்காமல் அதற்குக் கட்டுப்படுகிறார்கள். பணத்தால் வாங்க முடியாத ஒன்றின் முன்னால் நிற்கிறோம் என்ற உணர்வு அங்கே தானாக வந்துவிடுகிறது. அது நல்ல உணர்வு, பணிவின் தொடக்கம்.

டெவன் தீவின் பனியாறு ஒன்றின் எதிரே படகோட்டி இயந்திரத்தை நிறுத்தினார். சுற்றிலும் மிதந்த பனித்துண்டுகளிலிருந்து பொரிகிற ஓசை வந்தது. பல நூறு, பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் விழுந்த பனியில் அகப்பட்ட காற்று, அழுத்தத்தில் இறுகிய குமிழிகளாக உள்ளே இருக்கிறது. பனி உருகும்போது ஒவ்வொன்றாக வெடித்து வெளியேறுகிறது. அதுவரை இயந்திர இரைச்சலில் அது எங்களுக்குக் கேட்கவே இல்லை.

லங்காஸ்டர் நீரிணையின் மேற்கு முனையில் பிரின்ஸ் லியோபோல்ட் தீவு சுமார் 250 மீட்டர் உயரச் செங்குத்துச் சுவராக எழுந்து நிற்கிறது. அதன் விளிம்புகளில் லட்சக்கணக்கான கடற்பறவைகள். தடித்த அலகுள்ள மர் என்ற பறவை கூடு கட்டுவதில்லை. வெறும் பாறை விளிம்பில் ஒற்றை முட்டையிடுகிறது. குஞ்சுக்கு மூன்று வாரம் ஆனதும், சிறகு முழுதாக வளராத நிலையிலேயே அது விளிம்பிலிருந்து குதித்துவிட வேண்டும். தந்தைப் பறவை உடன் இறங்கும். கீழே ஆயிரக்கணக்கான பறவைகளின் கூச்சலுக்கு நடுவே குஞ்சும் தந்தையும் ஒன்றின் குரலை ஒன்று அடையாளம் கண்டு சேர்ந்துகொண்டு, திறந்த கடலை நோக்கி நீந்திப் போகின்றன. அந்தக் குரல் தவறினால் குஞ்சுக்கு வாழ்வு இல்லை. இந்த நிலத்தில் செவி என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

அங்கிருந்து வடமேற்கே பீச்சித் தீவு. சுண்ணாம்புச் சரளையைத் தவிர வேறெதுவும் இல்லாத கரை. அதில் வரிசையாகச் சில கல்லறைகள். 1845 மே மாதம் எரிபஸ், டெரர் என்ற இரு கப்பல்களில் சர் ஜான் ஃபிராங்க்ளின் தலைமையில் புறப்பட்டவர்களில் மூன்று பேர் இங்கே கழித்த முதல் குளிர்காலத்திலேயே இறந்தார்கள். ஜான் டாரிங்டனுக்கு வயது 20. ஜான் ஹார்ட்னெலுக்கு 25. வில்லியம் பிரெய்னுக்கு 32. 1984லும் 1986லும் மானுடவியலாளர் ஓவன் பீட்டி குழுவினர் இந்தக் கல்லறைகளைத் திறந்தபோது, உறைமண் அந்த உடல்களை அப்படியே காத்து வைத்திருந்தது. இப்போது நிற்கும் தலைப்பலகைகள் நகல்கள்தாம். ஆனாலும் அவற்றின் முன் நிற்கையில் எல்லோருடைய பேச்சும் நின்றுவிடுகிறது. இருபது வயதுப் பையன் ஒருவன் தன் வீட்டிலிருந்து இவ்வளவு தொலைவில் வந்து கிடக்கிறான் என்பதைத் தவிர அங்கே வேறெதுவும் நினைக்கத் தோன்றுவதில்லை.

மீதிப் பேர் தெற்கே போனார்கள். கிங் வில்லியம் தீவின் வடமேற்கே பனியில் கப்பல்கள் சிக்கின. 1847 ஜூனில் ஃபிராங்க்ளின் இறந்தார். 1848 ஏப்ரலில் எஞ்சிய 105 பேர் கப்பல்களைக் கைவிட்டு நடந்தார்கள். இந்த வழியில் வந்த 129 பேரில் ஒருவரும் வீடு திரும்பவில்லை. தேடிப் போனவர்களில் ஜான் ரே என்ற மருத்துவர் வேறு மாதிரியானவர். அவர் இனுயிட்டுகளைப்போல உடுத்தார், பனிவீடு கட்டினார், அவர்களிடம் கேட்டறிந்தார். 1854இல் அவரிடம் அவர்கள் சொன்னார்கள்: சில குளிர்காலங்களுக்கு முன் வெள்ளையர் சிலர் படகு ஒன்றை இழுத்துக்கொண்டு தெற்கே போனதைத் தங்கள் ஆட்கள் கண்டார்கள், பிறகு பசியால் இறந்து கிடந்ததையும், கடைசியில் இறந்தவர்களின் உடலைத் தின்றிருந்த அடையாளங்களையும் கண்டார்கள். சாட்சியாக, அதிகாரிகளின் குலச்சின்னம் பொறித்த வெள்ளிக் கரண்டிகளும் முட்கரண்டிகளும் அவர்களிடம் இருந்தன.

ரே இதை அப்படியே லண்டனுக்குத் தெரிவித்தார். இங்கிலாந்து கொதித்தது. சார்லஸ் டிக்கன்ஸ் தன் வார இதழில், ஆங்கிலக் கடற்படையினர் இப்படிச் செய்திருக்கவே மாட்டார்கள், நாகரிகமற்றவர்களின் வாய்ச்சொல்லை நம்பக் கூடாது என்று எழுதினார். அந்த மக்களே ஃபிராங்க்ளினின் ஆட்களைக் கொன்றிருக்கலாம் என்றும் சந்தேகத்தைக் கிளப்பினார். ஏழைகளின் கண்ணீரை உலகறியச் செய்த பேனா அது. தூரத்து மனிதர்களிடம் வந்தபோது அதற்குக் காது இல்லாமல் போனது. ரேயைப்போன்ற பயணிகளுக்குக் கிடைத்த சர் பட்டம் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. 1997இல் வெளியான ஆய்வு ஒன்று, கிங் வில்லியம் தீவில் கிடைத்த எலும்புகளில் கத்தியின் வெட்டுத்தடங்களைக் காட்டியது. 2024இல் மரபணுச் சோதனையின் மூலம் எரிபஸ் கப்பலின் தலைவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸின் தாடையெலும்பு அடையாளம் காணப்பட்டது, அதிலும் வெட்டுத்தடங்கள். இனுயிட்டுகள் சொன்னது உண்மை என்று ஒப்புக்கொள்ள ஒன்றரை நூற்றாண்டு பிடித்திருக்கிறது.

கப்பல்களின் கதையும் இதுதான். அவற்றில் ஒன்று எங்கே மூழ்கியது என்பதை இனுயிட் முதியவர்கள் 1860களிலேயே சொல்லியிருந்தார்கள். அந்த வாய்மொழியைத் தன் வாழ்நாள் முழுக்கச் சேகரித்துக் காத்தவர்களில் ஒருவர் கிங் வில்லியம் தீவின் யோவா ஹேவன் ஊரைச் சேர்ந்த லூயி கமுக்காக். 2014 செப்டம்பரில் எரிபஸ் கிடைத்தது, முதியவர்களின் வாய்மொழி காட்டிய கடற்பகுதியில். அடுத்து டெரர். அதே ஊரின் சாமி கோக்விக், சில ஆண்டுகளுக்கு முன் மீன்பிடிக்கப் போனபோது உறைந்த விரிகுடாவில் ஒரு மரத்தூண் நீட்டிக்கொண்டிருந்ததைக் கண்டு அதைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். திரும்பும் வழியில் கேமரா தொலைந்தது. அதைக் கெட்ட சகுனமாக எண்ணி யாரிடமும் சொல்லாமல் இருந்தார். 2016இல் தேடுதல் கப்பலில் இருந்தவர்களிடம் அதைச் சொன்னார். இம்முறை அவர்கள் போட்டிருந்த திட்டத்தை மாற்றிக்கொண்டு அங்கே போனார்கள். டெரர் கிடைத்தது. அந்த விரிகுடாவின் பெயர், ஏற்கெனவே வரைபடத்தில் இருந்த பெயர், டெரர் விரிகுடா.

யோவா ஹேவன் என்ற பெயரும் ஒரு கப்பலின் நினைவுதான். 1903 முதல் இரண்டு குளிர்காலங்களை ருவால் அமுண்ட்சென் யோவா என்ற சிறு மீன்பிடிப் படகோடு அங்கே கழித்தார். உடன் ஆறே பேர். நெட்சிலிக் இனுயிட்டுகளிடமிருந்து தோலாடை அணியவும் நாய்வண்டி ஓட்டவும் பொறுமையாகக் கற்றார். 1906இல் வடமேற்குக் கடல்வழியைக் கப்பலிலேயே முழுதும் கடந்த முதல் ஆள் ஆனார். அந்தத் தோலாடையும் நாய்வண்டியுமே 1911இல் அவரைத் தென்துருவத்துக்கும் கொண்டு சேர்த்தன. 129 பேரின் பெருமிதமும் ஏழு பேரின் மாணவ மனமும் ஒரே தீவின் கரையில் பரீட்சிக்கப்பட்டன. விடை அந்த மண்ணிலேயே எழுதிக் கிடக்கிறது.

கேளாமை வந்தவர்களோடு மட்டும் முடிந்திருந்தால் ஆறுதல். அப்படி முடியவில்லை என்பதற்கு ரெசல்யூட் ஊரே சாட்சி. 1953லும் 1955லும் கனடா அரசு, வடக்கு கியூபெக்கின் இனுக்ஜுவாக்கிலிருந்து இனுயிட் குடும்பங்களைச் சுமார் 2,000 கிலோமீட்டர் வடக்கே ரெசல்யூட்டுக்கும் கிரீஸ் ஃபியோர்டுக்கும் கொண்டுபோய் இறக்கியது. நல்ல வேட்டை கிடைக்கும், பிடிக்காவிட்டால் இரண்டு ஆண்டில் திரும்பலாம் என்று சொன்னார்கள். எல்லோரும் ஒரே ஊருக்குப் போகவில்லை என்பதே கப்பலில் ஏறிய பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது. மாதக்கணக்கில் சூரியன் எழாத குளிர்காலத்தை அவர்கள் கண்டதே இல்லை. முதல் ஆண்டைக் கூடாரத்திலும் பனிவீட்டிலும் கழித்தார்கள். திரும்பக் கேட்டவர்களின் குரல் பல ஆண்டுகளுக்கு எடுபடவில்லை. வடக்குத் தீவுகளில் கனடாவின் உரிமையை நிலைநாட்டவே தங்களைக் கொடிக்கம்பங்களாக நட்டார்கள் என்கிறார்கள் அவர்கள். 2010 ஆகஸ்டில் அரசு மன்னிப்புக் கேட்டது. அந்த ஆண்டு இரண்டு ஊர்களிலும் சிலைகள் எழுந்தன: ரெசல்யூட்டில் தனியே ஓர் ஆண், கிரீஸ் ஃபியோர்டில் ஒரு பெண்ணும் சிறுவனும். பிரிக்கப்பட்டவர்கள் கடலுக்கு இரு புறமும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி நிற்கிறார்கள். ஆளில்லா நிலம் என்று கையேட்டில் எழுதுகிறவர்கள், இங்கே ஆட்களை வலிந்து கொண்டுவந்து நிறுத்திய அரசைப் பற்றியும் ஒரு வரி எழுத வேண்டும்.

இனி நார்வால். நீண்ட தந்தம் முறுக்கிய கொம்புபோல் நீட்டிக்கொண்டிருக்கும் திமிங்கிலம். உலகின் நார்வால்களில் பெரும்பங்கு லங்காஸ்டர் நீரிணை வழியாக வந்துபோகிறது. அது 1,500 மீட்டருக்கும் கீழே, துளி வெளிச்சம் இல்லாத ஆழத்தில் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்டு இரை தேடுகிறது. பனிக்கூரையின் அடியில் மூச்சு விடும் பிளவையும் அப்படியே கண்டுபிடிக்கிறது. கிழக்கு கிரீன்லாந்தில் நடந்த ஆய்வு ஒன்றில், கப்பல் பல கிலோமீட்டர் தொலைவில் இருக்கும்போதே நார்வால்கள் இரை தேடுவதை நிறுத்திவிடுவது தெரியவந்தது. நாம் மேல்தளத்தில் காப்பிக் கோப்பையோடு, கடல் எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று வியக்கும் நேரத்தில், தண்ணீருக்குள் நம்முடைய இரைச்சல் தொடுவானத்துக்கு அப்பாலும் போய்க்கொண்டிருக்கிறது.

பாண்ட் இன்லெட் என்ற இனுயிட் ஊரின் வேட்டைக்காரர்கள் இதை ஆய்வுக்கு முன்பே சொல்லி வந்தவர்கள். 2010 ஆகஸ்டில் லங்காஸ்டர் நீரிணையில் ஒலியதிர்வுகளை அனுப்பிக் கடலடியை ஆராய அரசு முனைந்தபோது, கிக்கிக்டானி இனுயிட் சங்கம் நீதிமன்றம் சென்று தடை பெற்றது. 2019இல் ஒரு லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடல், தல்லுருத்தியுப் இமங்கா என்ற அவர்களுடைய பெயராலேயே பாதுகாப்புப் பகுதியாகும் உடன்பாடு கையெழுத்தானது. அதே வட்டாரத்தின் மேரி நதி இரும்புச் சுரங்கத்தின் விரிவாக்கத்தை 2022 நவம்பரில் கனடா அரசு நிராகரித்தது. நார்வால்களைக் குறித்து ஊர்க்காரர்கள் எழுப்பிய கவலைக்கு அதில் பங்குண்டு. கேட்கத் தொடங்கினால் நடக்கும் என்பதற்கு இவையெல்லாம் அத்தாட்சி.

ஆகவே இந்தப் பயணமே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். விமானமும் கப்பலும் கக்கும் புகையைக் கணக்கில் வைத்துத்தான் இதைச் சொல்கிறேன். அந்தப் புகைதான் அந்தப் பனியை உருக்குகிறது என்பது போகும் ஒவ்வொருவரும் நெஞ்சில் சுமக்க வேண்டிய உண்மை. ஆனால் போகலாமா வேண்டாமா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டியவர்கள் நாம் அல்லர். சில நூறு பேர் வாழும் ஊரில் அரைநாளில் சில நூறு பேர் இறங்குகிறோம். அவர்களுடைய மேளத்தையும் தொண்டைப்பாட்டையும் கேட்கிறோம், கல்லில் செதுக்கிய கரடியை வாங்குகிறோம், மதிய உணவுக்குக் கப்பலுக்குத் திரும்பிவிடுகிறோம். நம் கப்பல் பாறையில் மோதினால், அருகில் பெரிய மருத்துவமனை இல்லாத அந்த ஊர்தான் முதலில் ஓடிவர வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில், 2020லும் 2021லும் அந்த ஊர்களைக் காக்கச் சுற்றுலாக் கப்பல்களைக் கனடா அந்தக் கடலுக்குள் விடவில்லை. கதவைச் சாத்த முடியும் என்று அப்போது தெரிந்தது. சாத்த முடிகிற கதவின் சாவி வீட்டுக்காரரிடம் இருக்க வேண்டும்.

அதற்கு முன்மாதிரி அங்கேயே இருக்கிறது. எரிபஸ், டெரர் கிடக்கும் கடற்பகுதி இன்று தேசிய வரலாற்றுச் சின்னம். அனுமதி இல்லாமல் அங்கே எந்தக் கப்பலும் போக முடியாது. கோடைதோறும் யோவா ஹேவன் இனுயிட் மக்கள் காவலர்களாகக் கூடாரமிட்டு அந்த இடத்தைக் காக்கிறார்கள். எடுக்கப்படும் பொருள்கள் கனடாவுக்கும் இனுயிட்டுகளுக்கும் பொதுச் சொத்து. யாருடைய சாட்சியத்தை நாகரிகமற்றவர்களின் வாய்ச்சொல் என்று லண்டன் தள்ளியதோ, அவர்களுடைய வழித்தோன்றல்கள்தாம் இப்போது அந்தக் கப்பல்களுக்குக் காவல். இதே உரிமை கப்பல் வரும் ஒவ்வொரு ஊருக்கும் வேண்டும்: எத்தனை கப்பல், எந்த மாதம், எவ்வளவு வேகம், எந்த விரிகுடாவுக்குள் வரவே கூடாது என்பதை நார்வால் வரும் காலம் அறிந்த அந்த ஊரே சொல்ல வேண்டும். சீட்டு எடுக்குமுன் பயணி தன் நிறுவனத்திடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் அதுதான்: அந்த ஊர் எங்களை வரச் சொன்னதா? பதில் தெளிவாக இல்லையென்றால், அந்தக் கப்பலில் ஏறாமல் இருப்பதே அந்தக் கடலுக்கு நாம் செய்யும் மரியாதை.